கன்னியம்மா அடித்த அடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர் தேவராஜின் தோள் எலும்பை உடைத்தவள் கன்னியம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. சாப்பாட்டு மணி அடித்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தைக் கன்னியம்மா பல பேரிடம் சொல்லிப் பார்த்தாள். நானும் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

நாங்கள் பதினோரு பெண்கள் ஒரு நீள மேசையின் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்போம். அச்சிலிருந்து வரும் வாஷர்களின் ஓரத்தில் ரப்பர் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும், அதுதான் வேலை. ரப்பர் வேகிற நாற்றம் எங்கள் புடவையில், தலைமயிரில், கொண்டுபோன சோற்றில்கூட இருக்கும். கன்னியம்மா எனக்கு எதிர் ஸ்டூல். மேனாம்பேட்டிலிருந்து நடந்தே வருவாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஐந்தடிகூட இருக்க மாட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். புருஷன் வீராசாமி ஆவடிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் பெயிண்ட் அடிக்கிற வேலையில் இருந்தான். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

தேவராஜ் எப்போதும் பாக்கு மெல்லுகிறவன். வேலையைப் பார்க்கிற சாக்கில் எங்கள் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒரு வாஷரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். எச்சில் நாற்றம் காதோரத்தில் அடிக்கும். இன்னொரு கை எங்கள் முதுகில் இருக்கும். ரவிக்கை முடிகிற இடத்தில் அந்தக் கை ஈரமாக ஒட்டும். அவன் நகர்ந்த பிறகு முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்வோம். பதினோரு பேரும் துடைத்திருக்கிறோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை.

சில நாள் அவன், "ஸ்டோருக்குப் போயி கோணி எடுத்துகினு வா" என்று யாரையாவது பெயர் சொல்லி அனுப்புவான். அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவனும் எழுந்து போவான். போன பெண் திரும்பி வந்து உட்கார்ந்தால் நாங்கள் எல்லோரும் கத்தரிக்கோலை வேகமாகப் போடுவோம்.

அந்தச் சனிக்கிழமை கன்னியம்மாவை அனுப்பினான். அவள் கோணியோடு திரும்பி வந்தாள். குழாயில் கை கழுவினாள், சோற்று டப்பாவைத் திறந்தாள், சாப்பிட்டாள். அரைமணி கழித்துத்தான் ஸ்டோரிலிருந்து கூச்சல் கேட்டது. தேவராஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாயிலிருந்து பாக்குச் சாறு வழிந்து சட்டையெல்லாம் சிவப்பாக இருந்ததால் நாங்கள் அதை ரத்தம் என்று நினைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் நான் ரயிலுக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷன் போகும்போது அவளும் கூடவே நடந்து வந்தாள். அது அவள் வழியே இல்லை.

"பஞ்சவர்ணம், நான்தான் அட்ச்சேன்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"கதவ சாத்துனான். கைய வெச்சான். கீழ அச்சு நெம்புற கம்பி கெடந்துச்சு. எடுத்துத் தோள்ல ஒண்ணு வுட்டேன். திரும்புனான், கைல ஒண்ணு. உயுந்துட்டான்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னொண்ணு."

"உயுந்தப்பறமா?"

"ஆமா. அது வேணாம்தான். ஆனா அட்ச்சேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "கை வலிக்கவேயில்ல."

யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவளிடம் கெஞ்சினேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

தேவராஜ் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முதலாளியிடமும் போலீஸிடமும் சொன்னது வேறு. நாலு பேர் பின்னாலிருந்து வந்தார்கள், தடித்தடியாக இருந்தார்கள், முகம் பார்க்க முடியவில்லை என்றான். சோற்று டப்பா தூக்கிக்கொண்டு வருகிற ஒரு குள்ளப் பெண் தன்னைச் சாய்த்தாள் என்று அவன் எப்படிச் சொல்வான்? எலும்பு முறிந்ததைவிட அது அவனுக்குப் பெரிய வலி.

தடித்தடியாக நாலு பேர் என்றதும் போலீஸுக்கு ஒருத்தன் வேண்டியிருந்தான். மதுரைவீரன் கிடைத்தான்.

மதுரைவீரன் மேனாம்பேட்டில் கன்னியம்மாவின் பக்கத்து வீட்டுக்காரன். மிதிக்கிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எங்கள் கம்பெனி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவான். ஆறடி உயரம், அகலமான மார்பு, காதுவரைக்கும் போகிற மீசை. பெயரும் அப்படி வைத்திருந்தார்கள். ஆனால் ஊசி போடப் போனால் மயங்கி விழுகிற ஆள். வீட்டில் கோழி அறுக்க வேண்டுமென்றால் அவன் மனைவி பேபிதான் அறுப்பாள், இவன் தெருமுனைக்குப் போய் நிற்பான். அன்று மத்தியானம் அவன் கம்பெனி வாசலில் வண்டியோடு நின்றதை வாட்ச்மேன் பார்த்திருந்தான். வேறென்ன சாட்சி வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எச்சில் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். பேபி ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி, "அந்தாளுக்கு ஒரு கோயி அறுக்கத் தெரியாது சார்" என்று கத்தினாளாம்.

கன்னியம்மா உடனே புருஷனிடம் சொல்லிவிட்டாள். வீராசாமி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, "வாய மூடிகினு இரு. பொண்டாட்டி போயி ஆம்பளைய அட்ச்சாளாம், இவன் ஊட்ல கீறானாம்னு நாலு பேரு சிரிப்பான்" என்றான். தேவராஜ் உன்னைத் தொட்டானா, என்ன செய்தான், உனக்கு ஏதாவது ஆச்சா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் முதலாளியின் அறைக்குப் போனாள். முதலாளி நல்லவர், எங்களை அம்மா போட்டுத்தான் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்க, சம்பளம் புடிக்க மாட்டேன்" என்றார். வெளியே வந்தவள் மேசையில் எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். பத்துப் பேரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தோம். ஸ்டூலிலிருந்து எழுந்து வந்த ஒரு வயதான அம்மாள், "ஆடி மாசம். பொன்னியம்மாதான் உம்மேல எறங்கியிருக்கா. இல்லாட்டி உன்னால ஆவுமா" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் வந்து ஒற்றிக்கொண்டார்கள். கன்னியம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தா ஒண்ணும் வர்ல. நான்தான்" என்றாள்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். சாமி வந்தவளுக்கு அது ஞாபகம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு.

அன்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவளோடு நானும் போனேன். அங்கே நடந்ததை மறக்க எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை. ஏட்டு உத்தமன் என்பவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததைப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் தேய்த்தார். கன்னியம்மா சொல்லி முடித்தாள்.

"எத்தினி கிலோ இருப்ப நீ?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் தன் லத்தியை நீட்டி, "இத்தத் தூக்கிக் காட்டு பாப்போம்" என்றான். அவள் வாங்கித் தூக்கினாள். "அட்ச்சுக் காட்டு." எதை என்று அவள் கேட்கவில்லை. மேசைமேல் ஓங்கி ஒன்று போட்டாள். டீ கிளாஸ் துள்ளிக் கீழே விழுந்து உடைந்தது. ஏட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்திருந்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். "கோவத்தப் பாரு, சட்டி பான ஒடைக்கிற கோவம்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் மதுரைவீரன் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கால் வீங்கி, கால் கீழே பாவவில்லை. அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்தப் பொண்ணே சொல்லுதே சார்" என்று அழுதான்.

உத்தமன் போய்க் கம்பிக்கு நடுவே கையை விட்டு அவன் மீசையைப் பிடித்து இழுத்தார். "இம்மாம் பெரிய மீசைய வெச்சுகினு பொம்பளைக்குப் பின்னாடி ஒளியிறியாடா?" என்று கன்னத்தில் அறைந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவன் உனக்கு இன்னா வேணும்?"

"பக்கத்து ஊடு."

"பக்கத்து ஊட்டுக்காரனுக்காக இவ்ளோ தூரம் வந்துகினு கீறியே" என்றார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நாங்கள் வெளியே வந்தோம். கன்னியம்மா சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "தேவராஜ் எதுக்கு அடி வாங்குனான்னு ஒருத்தனும் கேக்கல பாத்தியா" என்றாள்.

பதினைந்து நாள் கழித்து மதுரைவீரன் ஜாமீனில் வந்தான். முதலில் எல்லோரிடமும், "நான் அடிக்கல, சாமி சத்தியமா நான் அடிக்கல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடையில் கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆள் விவரமானவன், கேஸ் நடக்கும்போது வாயைக் கொடுக்க மாட்டான் என்றார்கள். டீக்குக் காசு வாங்க மறுத்தார்கள். மதுரைவீரனின் வக்கீலிடம் கன்னியம்மா போய்க் கோர்ட்டில் சொல்கிறேன் என்றாள். அவர், "நீ கூண்டுல ஏறினா, அவனுக்கும் உனக்கும் என்ன தொடர்புன்னுதான் முதல் கேள்வி வரும். பேசாம வீட்டுக்குப் போம்மா" என்றார்.

எண்பத்தேழில் கேஸ் தள்ளுபடி ஆயிற்று. தேவராஜ் கோர்ட்டுக்கு வந்து, அடித்தவன் இவன்தானா என்று சொல்லத் தெரியவில்லை என்றான். அவன் வாழ்க்கையில் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது அந்த ஒரு தடவைதான். ஊர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மதுரைவீரனைக் காட்டிக்கொடுக்கத் தேவராஜுக்குத் தொடை நடுங்கியதாம்.

தேவராஜுக்கு யாரைப் பார்த்து நடுங்கியது என்று எனக்குத் தெரியும். அடி வாங்கி மூன்று மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பி வந்தபோதே வலது கை தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. எங்கள் மேசைப் பக்கம் வருவதை விட்டுவிட்டான். நடையில் கன்னியம்மா எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவான். அவள் சொன்னதை முழுசாக நம்பிய ஒரே ஆம்பளை அவன்தான். கொஞ்ச நாளில் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போனான். அங்கேயும் பெண்கள் வேலை செய்தார்கள். இடது கை நன்றாகத்தானே இருந்தது.

ஊரில் அடுத்த கேள்வி வந்தது. மதுரைவீரன் ஏன் அடித்தான்? பதிலும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கன்னியம்மாவுக்காக அடித்தான். கன்னியம்மா அவனுக்காக ஸ்டேஷனுக்கு ஓடினாள். இரண்டும் பொருந்திப் போயிற்று. தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றது. ஒரு ஆம்பளையை அடித்த பெண் அந்தத் தெருவில் யாருக்கும் புரியவில்லை. ஒரு ஆம்பளையை வைத்திருக்கிற பெண் எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்தாள்.

வீராசாமி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். சாராயக் கடையில் உட்கார்ந்து, "நான்தான் மதுரைவீரனாண்ட சொல்லி அனுப்புனேன். எம் பொண்டாட்டி மேல கைய வெச்சா வுட்ருவனா" என்று சொல்ல ஆரம்பித்தான். கடையில் அவன் முதுகைத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கன்னியம்மாவின் தலைமயிரைப் பிடித்து, "அவன் ஏண்டி உனக்காக அட்ச்சான்?" என்று கேட்டான். நான்தான் அடித்தேன் என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேனே என்றாள் அவள். பொய் சொல்கிறாள் என்று இன்னும் இரண்டு அறை கொடுத்தான். அவன் சாராயக் கடையில் சொன்ன பொய்யை வீட்டில் அவனே நம்பினான்.

அப்போது திருப்பி அடித்தாயா என்று நான் கேட்டேன்.

"கொழந்த பாத்துகினு இருந்துச்சு" என்றாள்.

மதுரைவீரன் எப்போது மறுப்பதை நிறுத்தினான் என்று சரியாகச் சொல்ல முடியாது. எண்பத்தெட்டில் எஸ்டேட்டில் ஒரு காண்ட்ராக்டர் தகராறு நடந்தது. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மதுரைவீரனைச் சும்மா பின்னால் நிற்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் நின்றான். எதிராளி அவனை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். நின்றதற்கு வண்டியை ஒரு வாரம் மிதித்தால் கிடைக்கிற கூலி கிடைத்தது. பிறகு அடிக்கடி நிற்கப் போனான். வெள்ளைச் சட்டை போட்டான். பையன்கள் அண்ணாத்தே என்று எழுந்து நின்றார்கள். வண்டியை விற்றுவிட்டான். அவன் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அந்தப் பயந்த முகத்தைப் பிடித்திருந்தது.

அவன் கடைசியில் உண்மையாகவே ஒருத்தரை அடித்தான். யாரை என்றால் பேபியை.

தொண்ணூறாம் வருஷம். கன்னியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பேபியின் இடது கண் மூடிக்கொண்டு, உதடு கிழிந்திருந்தது. குழம்பில் உப்பு போதவில்லையாம். கன்னியம்மா நேராக மதுரைவீரன் முன்னால் போய் நின்றாள். அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அந்த எண்ணெய் நாற்றம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

"இன்னா இது?" என்றாள் பேபியைக் காட்டி.

"ஆம்பளன்னா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். நீ உன் ஊட்டப் பாரு."

"யாரு ஆம்பள? தேவராஜ அட்ச்சது யாருன்னு உனக்குத் தெரியாது?"

அவன் எண்ணெய்க் கையை மடியில் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். வெட்கமோ கோபமோ அந்தப் பார்வையில் இருந்திருந்தால் பரவாயில்லை. பெரிய மனுஷன் சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ஊருக்கே தெரியுமே யாரு அட்ச்சதுன்னு" என்றான். "உனக்காகத்தான் உள்ள போனேன். அந்த நன்றிகூட இல்ல உனக்கு."

நம்பித்தான் சொன்னான். லாக்கப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவன் அவனுக்குள்ளே எங்கேயும் மிச்சம் இல்லை.

கன்னியம்மா பேபியிடம் திரும்பினாள். "பேபி, நீ சொல்லு. ஜீப்புக்குப் பின்னாடி ஓடி இன்னா சொன்ன நீ?"

பேபி கிழிந்த உதட்டை முந்தானையால் அழுத்திக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு கோவக்காரரு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? உன்னாலதான் அவரு கெட்டாரு. போ இங்கேருந்து."

கன்னியம்மா காறித் துப்பினாள். அவன்மேல் இல்லை, அவள்மேலும் இல்லை, அந்த வாசல் மண்ணில். அடித்துவிடப் போகிறாள் என்று நான் பயந்தேன். ஆனால் அவள் கை அசையவே இல்லை. "இவன அட்ச்சா அதயும் வேற எவனாவது அட்ச்சான்னு சொல்லிடுவானுங்க" என்று வழியில் சொன்னாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அடுத்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு மேனாம்பேட்டை விட்டுப் போய்விட்டாள். வீராசாமி தேடவில்லை. ஓடிப்போனவள் என்று சொல்லிக்கொண்டு இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். மதுரைவீரனும் அவளும் ஒரே நாளில் காணாமல் போகவில்லையே, அவன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறானே என்று யாரும் யோசிக்கவில்லை. வேறு எவனோடோ போயிருப்பாள் என்றார்கள்.

கம்பெனி மூடிய பிறகு நான் பூந்தமல்லியில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். தொண்ணூற்றாறில் ஒரு நாள் வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் கேன்டீனில் கன்னியம்மா இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. மகள் பத்தாவது பாஸ் செய்து டைப்ரைட்டிங் படிக்கிறாள் என்றாள். வானகரத்தில் ஒரு அறை எடுத்துக் குடியிருக்கிறார்களாம். புருஷன் எங்கே என்று கேட்பவர்களிடம் செத்துவிட்டான் என்று சொல்லிவிடுவாளாம். "அத மட்டும் ஒடனே நம்பிட்றாங்க" என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கேன்டீன் நடத்துகிறவர் உள்ளே வந்தார். நான் அவளுடைய பழைய சிநேகிதி என்று தெரிந்ததும் நின்று பேசினார். இரண்டு நாளைக்கு முன்னால் மாணவர்கள் பெஞ்சைத் தூக்கி அடித்துக்கொண்டதைச் சொல்லி, வயசுப் பசங்க, ரத்தம் சூடு, அப்படித்தான் இருப்பார்கள் என்றார். பிறகு கன்னியம்மாவைக் காட்டி, "இந்தம்மா இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. கோவம்னா இன்னான்னே தெரியாது. பொம்பளைன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

கன்னியம்மா தலை நிமிரவில்லை. கையிலிருந்த வெங்காயத்தில் பாதி அழுகியிருந்தது. அழுகின பாதியை வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு, "பஞ்சவர்ணம், டீ குடிச்சுட்டுப் போ" என்றாள்.